சீவல் தொழிலாளரும் அவர்தம் சங்கங்களும்

பனம்பாளையைச் சீவி இறக்கப்படும் கள், அன்றைய பொழுதுக்குள் விலைப்பட்டாக வேண்டிய பண்டம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீராக இனித்து நிற்கும் அதே சாறு, பூசாவிடின் மரத்திலிருந்து இறங்கும்போதே நுரைத்துப் புளிக்கத் தொடங்கி, மறுநாள் கொள்வாரற்றுப் போய்விடும். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சீவல் தொழிலாளரின் நெடுங்கால வறுமைக்கு, அவர்கள்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவோடு இந்த இயற்கை நியதியும் துணைநின்றது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

ஏனெனில், நாளைக்கு வைத்து விற்க இயலாத பண்டத்தை உடையவன் இன்றைக்குப் பேரம் பேசவும் இயலாதவனாகிறான். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரமேறியவர் சீவல் தொழிலாளி. ஆனால் அவர் ஏறிய பனை பெரும்பாலும் இன்னொருவர் காணியில் நின்றது. மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டி அனுமதி பெறும் மரவரி முறை ஒருபுறமும், ஏலத்தில் கள்ளுத் தவறணையை எடுத்தவர் சொன்னதே விலை என்னும் நிலை மற்றொருபுறமுமாக, காணிக்காரருக்கும் மதுவரி உத்தியோகத்தருக்கும் குத்தகைக்காரருக்கும் கொடுத்தது போக எஞ்சியதே அவருடைய ஜீவனோபாயம். ஆண்டின் முற்பாதியில் பாளை சுரக்கும். பின்னர் மாரி வந்துவிட்டால் அந்த எஞ்சியதும் இல்லை.

இத்தகைய மனிதர் தனித்தனியே எவ்வளவு பிரயாசைப்பட்டாலும் விமோசனம் இல்லை என்பதையும், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது மாத்திரம் போதாது, ஒன்றாக விற்பதற்கு ஓர் இடமும் ஒன்றாகச் சேமிப்பதற்கு ஒரு பெட்டகமும் வேண்டும் என்பதையும் 1972இல் தோன்றிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் நிரூபித்தன. உறுப்பினர் இறக்கும் கள்ளைச் சங்கம் நிர்ணயித்த விலைக்குப் பெற்றுக்கொள்ளும். தன் தவறணையில் தானே விற்கும். பிடித்துவைத்த சேமிப்பைத் தொழிலற்ற மாதங்களில் திருப்பிக் கொடுக்கும். கேட்பதற்குச் சாதாரண ஏற்பாடுதான். ஆயினும் விலையைச் சொல்லும் உரிமை, விலைக்கு உழைத்தவனிடம் வந்து சேர்ந்தது அந்நாளில்தான்.

கூட்டுறவு நம் நாட்டுக்குப் புதியதன்று. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பியவர்கள் 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தார்கள். 1936இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே எழுந்தது. ஆனால் புகையிலைச் சங்கத்தின் பயன் பயிரிட நிலமுடையோரைச் சார்ந்தது. நிலமற்ற சீவல் தொழிலாளர் தமக்கென ஒரு சங்கத்தைக் காண மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க நேர்ந்தது.

அக்காத்திருப்பு செயலற்றதன்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளிலே சமமாக உட்காருவதற்கு அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது; 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் அவர்கள் 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். இவற்றின் தொடர்ச்சியாகவே நான் இச்சங்கங்களைக் காண்கிறேன். தேநீர்க்கடையில் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் பெற்ற ஒருவர், தம் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே தலைமை வகித்துக் கணக்கறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார் என்றால், அது வெறும் வியாபார ஏற்பாடாகுமா?

கடல் கடந்த ஓரினத்தாரின் அனுபவமும் இதனையே காட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, புக்கர் டி. வாஷிங்டன் 1900இல் போஸ்டன் நகரில் தேசிய நீக்ரோ வர்த்தகச் சங்கத்தைக் கூட்டிச் சிறு வியாபாரிகளை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தினார். அம்மக்களின் பொருளாதாரக் கூட்டுறவைப் பற்றி அறிஞர் டூ போய்ஸ் 1907இல் விரிவானதோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அறிமுகத்தால் வாடிக்கை பெருகும். பொதுச் சொத்தினாலோ அந்தஸ்தும் கூடவரும். இரண்டும் வேண்டுவனவே எனினும், பின்னதுதான் கெட்ட காலத்திலும் நிலைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய பொதுச் சொத்துத்தான் வடமராட்சியில், பருத்தித்துறைக்கு அருகே உள்ள திக்கம் வடிசாலை. 1980களின் தொடக்கத்தில் எழுந்த இவ்வாலையின் பெருமை அதன் சாராயத்தில் இல்லை. மாலைக்குள் விற்றாக வேண்டிய கள், வடித்தெடுத்த பின் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியதாயிற்று. எனவே பருவத்தில் பெருகி வரும் கள்ளைக் கொட்டிவிடாமலும் அடிமாட்டு விலைக்குக் கொடாமலும் ஏற்றுக்கொள்ளச் சங்கங்களுக்கு வழி பிறந்தது. இந்நிலையம் தழைக்கவிருந்த தருணத்திலே யுத்தம் மூண்டது. பதுங்குகுழிகளுக்காகப் பனங்கூடல்கள் அழிக்கப்பட்டன, ஊர்கள் இடம்பெயர்ந்தன, தொழில் தெரிந்தவர் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் பிள்ளைகளோ மரமேற விரும்புகிறார்களில்லை. அவர்கள் கல்வி கற்று வேறு தொழிலுக்குப் போவதை யாரே குறைகூற வல்லார்? அக்கல்விக்குச் சங்கத்தின் பணமும் உதவியிருக்கிறது.

தொழிலில் எஞ்சியிருப்போர் சிலராயினும் பலராயினும், சங்கங்களின் உடைமை அவர்களுடையது. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுத் திணைக்களமும் அவர்களுக்குத் துணைசெய்யக் கடமைப்பட்ட ஸ்தாபனங்களேயன்றி, அவர்களுக்குப் பதிலாகத் தீர்மானிப்பவை அல்ல. ஆகவே வடிசாலையைப் பற்றியோ, தவறணைகளின் உரிமத்தைப் பற்றியோ எந்த முடிவும் சீவல் தொழிலாளர் கூடிய பொதுக்கூட்டத்தின் சம்மதமின்றி எடுக்கப்படலாகாது.