ஏற்காட்டுக்கு உடம்பு சரியில்லை!

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்த கார்களும் வேன்களும் அங்கேதான் திணறி நிற்கும். ‘அப்பாடா... என்ன சுத்தமான காத்து!’ என்று நாமும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்குவோம்.

அந்தக் காற்றுக்கும் தண்ணீருக்கும் மலை என்ன விலை கொடுக்கிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

“ஜனத்தொகை பெருகிப் போச்சு சார், அதான் காடெல்லாம் அழியுது!” என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். பாதி நிஜம். 1951-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 3 கோடி. 2011-ல் 7.21 கோடி. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் குறைந்தாயிற்று. மலையின் சுமை மட்டும் ஏன் குறையவில்லை?

தலையை மட்டும் எண்ணினால் போதாது. 1970-களின் தொடக்கத்தில் பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இதை ஒரு கணக்காகவே சொன்னார்கள். எத்தனை பேர் இருக்கிறோம், ஒவ்வொருவரும் எவ்வளவு செலவழிக்கிறோம், அதை எந்த முறையில் தயாரிக்கிறோம்... இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் இயற்கையின் மீது விழும் பாரம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓட்டல் அறைக்கோ, இந்தியத் தர நிர்ணய விதிகளில் ஒரு ஆளுக்கு 180 லிட்டர்! சேர்வராயன் மலைக் கிராமத்தில் மூன்று பேருக்கு வரவேண்டியதை, டூர் போன நாம் ஒருவரே ஷவரில் நின்று தீர்த்துவிடுகிறோம்.

காபியும் குக்கரும்

நாம் மலை ஏறாத நாட்களிலும் மலை நமக்காகச் செலவாகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டு வந்தார். நிழல் மரங்களுக்கு அடியில் வளரும் காபித் தோட்டம் ஓரளவு காட்டைப் போலத்தான். இலைச்சருகு மழைநீரைப் பிடித்து வைக்கும், பறவைக்கும் இடமிருக்கும்.

ஆனால் காபியின் விலை ஏற்காட்டில் முடிவாவதில்லை. 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்தபோது உலகச் சந்தையில் விலை எகிறியது. 2001, 2002-ல் அதலபாதாளத்துக்கு இறங்கியது. விலை விழுந்தால் தோட்டக்காரர் என்ன செய்வார்? மரத்தை விற்கலாம், நிலத்தை விற்கலாம். காபியைவிட காட்டேஜில் காசு அதிகம் என்றால் நிழல் மரம் எத்தனை நாள் நிற்கும்?

சமையலறை அலுமினியமும் அப்படித்தான். மேட்டூரில் 1965-ல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு, சேர்வராயன் மலையின் உச்சியிலிருந்தும் பாக்சைட் வெட்டிப் போனது. 2008-ல் அங்கே அலுமினிய உற்பத்தி நின்றது. பாக்சைட் படிந்த மண் ஸ்பாஞ்சு மாதிரி. மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஊற்றாக விடும். ஆலை நின்றுவிட்டது என்பதற்காக, வெட்டியெடுத்த ஸ்பாஞ்சு திரும்பி வராது.

கீழே இருப்பவருக்கு என்ன?

‘அது மலைக்காரங்க பிரச்னை’ என்று நினைக்காதீர்கள். சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் பக்கம் போகும் சரபங்காவும், தர்மபுரி மாவட்டத்தில் அணை கட்டியிருக்கும் வாணியாறும் சேர்வராயன் மலையில் பிறந்தவைதான்.

ஏற்காட்டின் பாறை சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது மேல்மண்ணிலும் பாறை விரிசல்களிலும்தான். சரிவில் நெருக்கி நெருக்கி லாட்ஜ் கட்டி, கழிவுநீரைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால், அது அதே விரிசல் வழியாகக் கீழே இருக்கும் கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் வருவது இப்படித்தான். முதலில் பாதிக்கப்படுவது ஊற்றையும் கிணற்றையும் நம்பி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குழந்தைகள்.

நாம் வீசிவிட்டு வரும் கப்பில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் ரெடி!

நம்மால் முடிந்தது

டூரே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பஜ்ஜிக் கடைக்காரரின் அடுப்பும் நம்மை நம்பித்தான் எரிகிறது. ஆனால் இதையெல்லாம் செய்யலாமே...

• கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண வார நாட்களில் போங்கள். முடிந்தால் பஸ்ஸில் போங்கள்.

• வாட்டர் பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே பிடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்க விட்டுக் குடியுங்கள்.

• அறை எடுக்கும் முன், ‘உங்க கழிவுத் தண்ணி எங்கே போகுது?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் ஏதாவது ஏற்பாடு நடக்கும்.

• ஷவர் வேண்டாம், ஒரு வாளி போதும். குழந்தைகளுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.

• கொண்டு போன பிளாஸ்டிக் பையும் டப்பாவும் உங்களோடேயே சேலத்துக்கு இறங்கட்டும்.

• ‘மலையில ஒரு பிளாட் வாங்கிப் போடலாமா?’ என்ற பேச்சு வீட்டில் வந்தால், அங்கே இப்போது நிற்கும் மரங்களையும், கீழே இருக்கும் கிணறுகளையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏரியும் காடும் சேர்ந்ததால்தான் அந்த ஊருக்கு ஏற்காடு என்று பேர் வந்தது என்பார்கள். இரண்டும் நம் பிள்ளைகள் காலத்திலும் இருக்க வேண்டுமானால், அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போதே மேலே சொன்னதில் இரண்டையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.