தொண்டையில் தொடங்கும் இதய நோய்

இரண்டு நோய், ஒரே தலையெழுத்தா?

பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றாலும், முப்பது வயதுத் தாய்க்கு வால்வு சுருங்கிப்போனது என்றாலும், மலையகத்தில் நாம் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: தலையெழுத்து. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவதைப் பெரும்பாலும் தடுக்க முடியாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். இளவயதில் வரும் வால்வு நோயின் கதை வேறு. அதில் பெரும்பங்கு, சிறுவயதில் கவனிக்காமல் விட்ட தொண்டை வலியில் ஆரம்பித்தது. அதைத் தடுக்கும் மருந்து 1950களின் தொடக்கத்திலிருந்தே உலகில் இருக்கிறது, விலையும் குறைவு. நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் இன்றைக்கும் ஒரு பெண் வால்வு நோயால் மூச்சிளைத்து நிற்கிறாள் என்றால், மருத்துவம் தோற்றுவிட்டது என்று பொருளல்ல. அந்த மருந்து மாதம் தவறாமல் அவளிடம் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். சேர்க்க முடியும் என்பதே என் வாதம்.

நான்கு அறை, நான்கு வால்வு

அவரவர் மூடிய கை அளவுதான் அவரவர் இதயம். அதில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த இரத்தம் வலப்பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, மறுபடி உடம்புக்குப் போகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை இந்த வேலை நடக்கிறது. வந்த வழியே இரத்தம் திரும்பிவிடாதபடி தடுப்பவை நான்கு வால்வுகள். நோட்டன் பிரிட்ஜ்காரர்களுக்கு இதைச் சொல்லப் புத்தகம் தேவையில்லை. காசல்ரீயிலிருந்து வரும் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் வேலை செய்துவிட்டு, நோட்டன் அணையில் தேங்கி, பழைய லக்சபானவுக்கு இறங்குகிறது. அணையின் வான்கதவு முழுதாகத் திறக்காவிட்டால் மேலே வெள்ளம் கட்டும். முழுதாக மூடாவிட்டால் தேக்கியது வீணாகும். வால்வு நோயும் இந்த இரண்டுதான்: ஒன்று சுருக்கம், மற்றது கசிவு. ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

நான்கில் நம் கதைக்கு முக்கியமானது, இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு. மற்ற மூன்றுக்கும் மூன்று மூன்று இதழ்கள். இதற்கு மட்டும் இரண்டு. இதழ்கள் கடதாசி போல மெல்லியவை. அவற்றின் ஓரங்களை மெல்லிய நார்கள் கீழறைச் சுவரோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கின்றன. வளர்ந்தவர்களில் இதன் திறப்பு நான்கு சதுர சென்றிமீற்றருக்கும் மேல் இருக்கும். அது ஒன்றரைக்கும் கீழே சுருங்கினால் இரத்தம் நுரையீரலில் தேங்கத் தொடங்கும். அப்போது மேடேறினால் இளைக்கும். பிறகு படுத்தாலே இளைக்கும்.

பிறக்கும்போதே உள்ள குறை

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துப் பேருக்கு இதய அமைப்பில் ஏதாவதொரு குறை இருக்கிறது. உலகெங்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை இருப்பது இவற்றில் அதிகம் காணப்படுவது. சின்ன ஓட்டைகளில் பல, சில வருடங்களில் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஓட்டை அப்படியல்ல. குழந்தை பால் குடிக்கும்போதே வியர்க்கும், இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கும், எடை ஏறாது. அந்தக் குழந்தைக்குச் சளி என்று மருந்து கொடுத்துக்கொண்டே காலம் போகும். உதடும் நகமும் நீலம் பாய்கிற குழந்தைகள் இன்னொரு வகை. அவர்களுக்குக் காத்திருக்க நேரமே இல்லை. கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இவற்றுக்குச் சத்திரசிகிச்சை கட்டணமில்லாமல் நடக்கிறது.

பிறவிக் குறைகளில் ஒரு பகுதியை இலங்கை தடுத்தே காட்டியிருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால், குழந்தையின் இதயத்தில் மூடவேண்டிய குழாய் மூடாமல் போகும், நுரையீரல் நாடி சுருங்கும், காது கேட்காது, கண்ணில் புரை விழும். 1996இல் இங்கே ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. 2020இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. நாட்டின் ஒரு மூலை விடுபட்டிருந்தாலும் அந்த அறிவிப்பு வந்திருக்காது. அப்படியென்றால் குடும்பநல மருத்துவமாது லயம் லயமாக ஏறி இறங்கி, பதிவேட்டில் பெயர் பார்த்து, வராதவரைத் தேடிப்போய் ஊசி போட வைத்த வேலை இந்த மலைகளிலும் நடந்திருக்கிறது. இதய நோயொன்றைத் தோட்டத்து வாசலிலேயே நிறுத்த நமக்குத் தெரியும். இந்த உண்மையை வைத்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

தொண்டையிலிருந்து வால்வுக்கு

ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனத் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டி வலி. இருமலோ மூக்கு ஒழுகலோ இல்லை. இது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியாக இருக்கலாம். கொத்தமல்லித் தண்ணீரும் பனடோலும் கொடுத்தால் நாலைந்து நாளில் பிள்ளை எழுந்து விளையாடும். அத்தோடு விட்டுவிடுகிறோம். சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று வருகிறது. முழங்கால் வீங்கி வலிக்கும். அது அடங்கினால் கணுக்கால், பிறகு முழங்கை. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் படை, அந்தக் கிருமியின் சாயல் தெரிகிற வால்வு இதழ்களையும் தாக்குகிறது. மூட்டு முழுதாகக் குணமாகிவிடும். வால்வு அப்படி ஆறாது. அடுத்த தொண்டை வலியும் அதற்கடுத்ததும் அதே இடத்தைத் தாக்கித் தாக்கி, இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, நார்கள் சுருங்கி, பத்துப் பதினைந்து வருடத்தில் மைட்ரல் வால்வு மீன்வாய்க் கீறலாகக் குறுகிவிடும். உலகில் சுமார் 4 கோடிப் பேருக்கு இந்த ருமாட்டிக் வால்வு நோய் இருக்கிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் இதனால் இறக்கிறார்கள்.

இந்தக் கிருமி நெருக்கத்தில் பரவுவது. ஒருவர் இருமியதை அடுத்தவர் சுவாசிக்கிற இடம் அதற்குப் போதும். நம் லயங்கள் அப்படித்தான்: பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதிலேயே சமையல், அதிலேயே மூன்று தலைமுறைப் படுக்கை. கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கதவும் சன்னலும் வாரக்கணக்கில் மூடியே கிடக்கும். டென்மார்க்கில் ருமாட்டிக் காய்ச்சல் பென்சிலின் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே குறையத் தொடங்கியது. வீடுகள் விசாலமானதும் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நியூசிலாந்தில் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளுக்கு இந்நோய் மிகுந்திருப்பதைக் கண்ட அரசாங்கம், 2013இலிருந்து நோய்ப்பயம் உள்ள குடும்பங்களின் வீட்டு நெரிசலைக் குறைக்கும் திட்டத்தையே சுகாதாரத் திட்டமாக நடத்தியது. ஆகவே லய வீட்டைப் பற்றிப் பேசுவது அரசியல் மட்டுமல்ல, இதய மருத்துவமும்தான்.

அப்படியானால் முதலில் வீடு கட்டுங்கள், ஊசி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் லயங்களை மாற்றும் வேலை எத்தனை ஆட்சிகளைக் கண்டும் முடியவில்லை. இன்று எட்டு வயதான பிள்ளையின் வால்வு அதுவரை காத்திருக்காது. கரீபியன் தீவுகளான மார்ட்டினிக்கிலும் குவாடலூப்பிலும் 1982இல் ஒரு பத்தாண்டுத் திட்டம் தொடங்கினார்கள். தொண்டை வலியை மதிக்கச் சொல்லி மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் விடாமல் கற்பித்தார்கள். நோய் வந்தவர்களைப் பதிவேட்டில் வைத்துத் தொடர்ந்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. அதற்காக அவர்கள் ஊரையே புதிதாகக் கட்டவில்லை.

மாதம் ஒரு ஊசி

தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். மாத்திரை என்றால் பத்து நாளும் முழுதாக விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் வலி போனதும் நிறுத்தினால் பயனில்லை. ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டவருக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பென்சாதின் பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். வால்வு கெட்டிருந்தால் குறைந்தது பத்து வருடம், அல்லது நாற்பது வயது வரை.

எளிய ஊசியல்ல அது. பொடியைத் தண்ணீரில் கலக்கினால் பால் போல வெள்ளையாகத் திரளும். சற்றுத் தாமதித்தால் ஊசித்துளையை அடைக்கும். அதனால் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சூடாக்கி, தடித்த ஊசியால், இடுப்புத் தசையில் மெதுவாக ஏற்ற வேண்டும். வலி இரண்டு நாள் நிற்கும். அடுத்த நாள் கூடையோடு மலையேற வேண்டியவளுக்கு இந்த வலி சின்ன விஷயமல்ல. ஊசி தவறுவதற்கு அலட்சியம் மட்டும் காரணம் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆனாலும் அந்த வலிக்குக் கிடைக்கும் பலன் பெரிது. உகண்டாவில், வெளியில் அறிகுறி எதுவும் தெரியாமல் எக்கோ பரிசோதனையில் மட்டும் தொடக்கநிலை வால்வு நோய் தெரிந்த, 5 முதல் 17 வயது வரையான 818 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. 2021இல் முடிவு வெளியானது. இரண்டு வருடத்தில், ஊசி போடாத குழுவில் 33 பேருக்கு நோய் முற்றியது. மாதாமாதம் ஊசி போட்ட குழுவில் 3 பேருக்கு மட்டுமே.

பயங்களும் மறுப்புகளும்

தொண்டை வலி எல்லாவற்றுக்கும் அன்டிபயோடிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகும் என்பார்கள். தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு அன்டிபயோடிக் வேண்டாம் என்பது சரி. அதனால்தான் இருமலும் மூக்கு ஒழுகலும் இல்லாத, காய்ச்சலும் நெறியும் உள்ள பிள்ளையைக் காட்டிப் பார்க்கச் சொல்கிறோம். இன்னொன்று: இத்தனை பத்தாண்டுக்குப் பிறகும் இந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பென்சிலினுக்கு அடங்கித்தான் போகிறது.

ஊசி போட்டு இறந்துபோனார்கள் என்ற கதை இதைவிடக் கனமானது. ஒவ்வாமை உண்மை. அரிது, ஆனால் உண்மை. அதனால் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்க வேண்டும். அட்ரினலின் கையோடு இருக்க வேண்டும். போட்ட பிறகு சற்று நேரம் உட்கார வைக்க வேண்டும். ஆனால் ஊசிக்குப் பின் நேர்ந்த மரணங்களில் பல ஒவ்வாமையால் அல்ல, ஏற்கனவே மிக மோசமாகக் கெட்டிருந்த இதயம் வலியின் அதிர்ச்சியைத் தாங்காததால் நேர்ந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் சுட்டிக்காட்டியது. அத்தகையவர்களுக்கு மாத்திரையையே யோசிக்கச் சொன்னது. எல்லாரும் ஊசிக்குப் பயப்பட இதில் காரணமில்லை. வால்வு அந்த நிலைக்குப் போகுமுன்பே ஊசியைத் தொடங்க வேண்டும் என்பதற்குத்தான் இது காரணம்.

இப்போது இதெல்லாம் குறைந்துவிட்டது, சீனியும் பிரஷரும்தானே பெரிய பிரச்சினை என்போரும் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அவற்றால் வரும் மாரடைப்பு பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டி வருகிறது. வால்வு நோயோ இருபதிலும் முப்பதிலும், அதிலும் பெண்களை அதிகம் பிடிக்கிறது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும். குறுகிய வால்வு அந்தப் பெருக்கைத் தாங்காது. அதுவரை ஒரு நிரை முடிந்ததும் உட்கார்ந்து எழுந்து சமாளித்தவள், ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல் இருமுவாள். பிரசவம் முடிந்த முதல் மணித்தியாலங்கள் இன்னும் ஆபத்தானவை. இலங்கையில் தாய் மரணங்களுக்கு முன்னணிக் காரணங்களில் இதய நோயும் ஒன்று. காலத்தோடு தெரிந்தால், தொடைவழியே பலூன் செலுத்தி வால்வை விரிக்கலாம். ஜப்பானியரான கஞ்சி இனோவே 1980களில் கொண்டுவந்த முறை அது. முடியாதபோது செயற்கை வால்வு. உலோக வால்வு வைத்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. வருங்காலக் கர்ப்பத்துக்கும் அது சிக்கல். மாதமொரு ஊசியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய விலை!

ஊசி எங்கே போடப்படுகிறது என்பதே கேள்வி

வைத்தியசாலை இலவசம், வந்து போட்டுக்கொள்ளட்டும் என்ற பதில் கடைசியாக வரும். டிக்கோயாவின் கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017இல் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் புதிதாகத் திறக்கப்பட்டது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மேல் டிவிசனிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, கிளினிக்கில் காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அந்த நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. வருடத்துக்குக் குறைந்தது பதின்மூன்று தடவை, பத்து வருடம். இலவச ஊசிக்கு இதுதான் உண்மையான விலை. தடுப்பூசியை எப்படி லயத்தருகே கொண்டுபோனோமோ அப்படியே இதையும் கொண்டுபோக வேண்டும்: ருமாட்டிக் நோயாளிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் ஒரு தனிப் பதிவேடு, அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் வேலை முடிந்த மாலையில் ஊசி, தவறியவரைத் தேடிப்போக மருத்துவமாது, ஊசி நாளுக்குப் பேர் வெட்டாதிருக்கத் தோட்ட நிர்வாகத்தின் உடன்பாடு. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை அவசரமில்லாமல் வைக்க வேண்டும். புதிதாக எந்தக் கண்டுபிடிப்பும் இதற்குத் தேவையில்லை.

தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைக்கட்டும். இதை வாசிப்பவர் வீட்டில் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளையோ பெண்ணோ இருந்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக் கடைசி ஊசியின் திகதியைப் பாருங்கள். நான்கு வாரம் தாண்டியிருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிப்போங்கள்.