மல்லாட்டை விலை சரியாக வந்து சேர

குறிஞ்சிப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகளை ஏற்றும் முன், பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் என்ன விலை போகிறது என்று விவசாயி விசாரிப்பார். நாடெங்கும் உள்ள சந்தைகளின் வரத்தையும் விலையையும் வெளியிட மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அக்மார்க்நெட் தளத்தைத் தொடங்கியது. குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு போன விலை என மூன்று எண்கள் அதில் குவிண்டால் கணக்கில் வரும்.

இத்தகைய பக்கங்களைத் தானே திறந்து, வேண்டிய எண்களை மட்டும் எடுத்து வருவது வெப் ஸ்கிரேப்பிங் மென்பொருளின் வேலை. 2008-இல் வெளியான ஸ்கிரேப்பி அதற்கென்றே பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட இலவசக் கருவி. எடுத்த தகவலை அது நேராகச் சேமித்துவிடாது. சுத்தம் செய்தல், சரிபார்த்தல், இரட்டைப் பதிவை நீக்குதல், தரவுத்தளத்தில் எழுதுதல் எனப் படிப்படியாக அனுப்பும். இந்தப் படிகளின் வரிசைதான் பைப்லைன்.

இதில் நேரம் கரைவது காத்திருப்பில்தான். ஒரு பக்கம் வர 2 விநாடி ஆகும் என்றால், 40 பக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்க 80 விநாடி பிடிக்கும். எட்டு எட்டாகக் கேட்டால் 10 விநாடி போதும். பதில் வரும்வரை சும்மா நிற்காமல் அடுத்த வேலையைப் பார்ப்பதே அசிங்க் முறை. இதற்கான அசிங்க், அவெய்ட் கட்டளைகள் 2015-இல் பைத்தான் 3.5 பதிப்பில் வந்தன. 2020-இல் வெளிவந்த ஸ்கிரேப்பி 2.0, அவற்றைப் பைப்லைனுக்குள்ளும் பயன்படுத்த வழிசெய்தது.

வேகத்தோடு சிக்கலும் வருகிறது. முதலில் கேட்ட பக்கம் கடைசியில் வரலாம். அப்போது நேற்றைய விலை இன்றைய விலையின் மேல் எழுதப்பட்டுவிடக்கூடும். 'அவெய்ட்' என்ற ஒரு சொல் விடுபட்டால், எழுதும் வேலை நடக்காமலே நிரல் முடிந்துவிடும். ஓர் எச்சரிக்கை வரி திரையில் தோன்றி மறைவதோடு சரி.

ஆகவே சோதனை இல்லாத பைப்லைனை நம்பி ஒரு மூட்டையைக்கூட ஏற்றக் கூடாது.

சோதனைக்கு அரசுத் தளத்தைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. முன்பே சேமித்து வைத்த பக்கங்களும், வேண்டுமென்றே தாமதமாகப் பதில் தரும் ஒரு போலி சர்வரும் போதும். பதில்கள் வரும் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்து மறுபடி கேட்டாலும், ஒரு சந்தைக்கு ஒரு நாளில் ஒரு பதிவுதான் நிற்க வேண்டும்.

அளவையும் சோதிக்க வேண்டும். குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் மல்லாட்டையை 80 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசுவது வழக்கம். மூட்டை 6,400 ரூபாய் என்று கொடுத்தால், பைப்லைன் குவிண்டாலுக்கு 8,000 என்று மாற்றித் தர வேண்டும். 6,400 அப்படியே வெளியே வந்தால், படிப்பவருக்குக் குவிண்டாலுக்கு 1,600 ரூபாய் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

வரத்தே இல்லாத நாளுக்கும் ஒரு சோதனை வேண்டும். அன்று விலைக் கட்டம் வெறுமையாக இருக்கும். பைப்லைன் அதைப் பூஜ்யமாக்காமல், முந்தின நாள் விலையை இட்டு நிரப்பாமல், 'வரத்து இல்லை' என்றே பதிய வேண்டும்.