கீபோர்டிலேயே சீக்வென்சர் இருக்கு... அப்புறம் எதுக்கு லேப்டாப்?

திருப்பருத்திக்குன்றம். பெயரில் பருத்தி இருந்தாலும், காஞ்சிபுரத்தை ஒட்டியிருப்பதால் பட்டு வாசனை அடிக்கும் ஊர். இங்குள்ள சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய மண்டபத்துக்குப் பெயரே சங்கீத மண்டபம்தான். பட்டும் பாட்டும் சேர்ந்த இந்தப் பக்கத்தில், சீக்வென்சரைப் புரிந்துகொள்ள தறியைப் பார்த்தாலே போதும்.

ஜக்கார்டு தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். துளை இருக்கிற இடத்தில் பாவு நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் கிடக்கும். அட்டை ஒவ்வொன்றாக நகர நகர, சேலையில் மயிலோ மாங்காயோ விழும். 1804 வாக்கில் பிரான்ஸின் ஜோசப் மரி ஜக்கார்டு கொண்டுவந்த உத்தி இது. சீக்வென்சரும் அப்படியே. எந்த நோட்டு, எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகளை மட்டும் வரிசையாக வைத்துக்கொள்ளும். சத்தத்தைப் பதிவு செய்வதில்லை.

அட்டையில் பூவை மாற்ற வேண்டுமென்றால்? வேறு அட்டை அடிக்கணும். அதனால்தான் டிசைன் வரைகிற வேலை கிராஃப் தாளிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனது. இசையிலும் நடந்தது இதுதான்.

1988-ல் வந்த கோர்க் எம்1 கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே 8 டிராக் சீக்வென்சர். அன்றைக்கு அதிசயம். ஆனால் நினைவகம் அதிகபட்சம் சுமார் 7,700 நோட்டுகள், திரையோ இரண்டே வரி. மூன்றாவது சரணத்தில் ஒரு நோட்டு தப்பினால், சாவித்துவாரம் வழியாக வீட்டைப் பார்க்கிற கதைதான். பின்னால் வந்த சில கீபோர்டுகளில் திரை பெரிதானது. ஆனால் சேமிக்க மறந்து ஆஃப் செய்தால் பாட்டே போச்சு!

நம் இசைக்கு இன்னொரு தலைவலி உண்டு, கமகம். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் அதைப் பிட்ச் பெண்ட் சக்கரத்தால் வாசிக்கலாம். சீக்வென்சர் அதை நூற்றுக்கணக்கான எண்களாகப் பதிவு செய்யும். அசைவு கொஞ்சம் தூக்கலாகிவிட்டால், சின்னத் திரையில் ஒவ்வொரு எண்ணாகத் திருத்துவது தண்டனை. மென்பொருளில் அதே அசைவு ஒரு வளைகோடாகத் தெரியும், மவுஸால் இழுத்துவிட்டால் முடிந்தது. லேப்டாப்புக்கு மாற இந்த ஒரு காரணம் போதும்.

பெரிய ஸ்டூடியோக்கள் இதை முன்பே கண்டுகொண்டன. மிடி போர்ட்டுடனேயே 1985-ல் வந்த அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டருக்கு, ஜெர்மனியின் சி-லேப் எழுதிய மென்பொருள் நொட்டேட்டர். அதன் வழியில் வந்ததுதான் லாஜிக். 2002-ல் ஆப்பிள் அதை வாங்கியது. 'ரோஜா'வில் (1992) அறிமுகமான ஏ.ஆர்.ரஹ்மான் நீண்டகால லாஜிக் பயனர். சென்னையில் அவரது கே.எம். இசைக் கல்லூரியில் லாஜிக் கற்றுத்தர மேக் லேப் அமைப்பதாக 2017-ல் ஆப்பிள் அறிவித்தது.

சரி, செலவு? ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ்காரர்கள் ரீப்பரை 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். புதுசாக ஒரு வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு வாங்கும் காசோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

லேப்டாப்பிலும் வம்பு உண்டு. கட்டையை அழுத்தியதும் சத்தம் வராமல் தாமதித்தால் வாசிக்கவே முடியாது. பஃபர் 1,024 சாம்பிள் என்றால் அது மட்டுமே சுமார் 23 மில்லி செகண்ட். 128-க்குக் குறைத்தால் 3. ஆனால் பழைய லேப்டாப் அப்போது திணறி, சத்தம் வெடிக்க ஆரம்பிக்கும். ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் நல்லது.

கல்யாணக் கச்சேரி மேடை என்றால் கதையே வேறு. ஆன் செய்தால் வாசிக்கத் தயாராகும் கீபோர்டுதான் அங்கே ராஜா. முகூர்த்த நேரத்தில் விண்டோஸ் அப்டேட் வந்தால் யார் பொறுப்பு?

அதனால் இருக்கிற கீபோர்டை விற்றுவிடாதீங்க. யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் அதுவே கன்ட்ரோலர். யுஎஸ்பி இல்லாத பழைய மாடல் என்றால் 5 பின் மிடி அடாப்டர் போதும். இணைத்ததும் ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை கேட்டால் பதற வேண்டாம். கீபோர்டு மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்று இருக்கும், அதை ஆஃப் செய்தால் சரியாகிவிடும்.