விருப்பப் பட்டியலில் எது முதலில்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் மாணவர்கள் கேட்பது, "சார், என் கட்-ஆஃபுக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?" பொறியியல் கலந்தாய்வில் இந்தக் கேள்வியே பட்டியலைக் கெடுத்துவிடுகிறது.

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை வெளியாகிறது. மாணவர் கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்து, விருப்ப வரிசையில் இணையத்தில் பதிவு செய்கிறார். அவரது முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்குகிறது. அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்ப்பதில்லை. 'நிச்சயம் கிடைக்கும்' என்று ஒரு கல்லூரியை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். மனத்துக்குப் பிடித்தது மூன்றாவதாக இருந்து, அங்கே இடம் காலியாக இருந்தாலும் பயனில்லை. எட்டாத இடத்தை முதலில் எழுதுவதால் இழப்பும் இல்லை. கணினி அடுத்ததற்கு நகர்ந்துவிடும்.

இதை வகுப்பில் ஐந்து நாற்காலிகளை வைத்து நடத்திக் காட்டுகிறேன். நாற்காலிக்கு ஒரு கல்லூரிப் பெயர், ஐந்து மாணவர் கையில் விருப்பச் சீட்டு, தரவரிசைப்படி அழைப்பு. பத்து நிமிடம் போதும். பிறகு பிரவுசிங் சென்டரில் போட்டுத் தரும் பட்டியலைக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலில் 2021 முதல் உள்ளது. அதில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. எனவே கட்டணத்துக்கு அஞ்சிப் பட்டியலைச் சுருக்க வேண்டாம். தூரம் வேறு விஷயம். அதை வீட்டில்தான் பேச வேண்டும். பதிவை உறுதிசெய்யுமுன் பட்டியலைப் பெற்றோருக்கு வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். பாதி ஊர்ப் பெயர்களை அவர்கள் அப்போதுதான் கேள்விப்படுவார்கள்.