நிரல் முடியும் நேரம்

ஒரு செயலைத் தொடங்குதற்கு வேண்டிய அறிவினும் அதனை ஒழுங்குற முடித்தற்கு வேண்டிய அறிவு பெரிது. கணினி நிரல்களுக்கும் இது பொருந்தும். ஒல்லாந்து நாட்டவராகிய கைடோ வான் ரோசம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதன் என்னும் கணினிமொழியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பைதன் நிரல் ஓடுங்கால் நினைவகத்திலே பல பொருள்கள் தோன்றுகின்றன. பெருவழக்கிலுள்ள பைதனில், ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்பதற்குக் கணக்கு உண்டு. அக்கணக்குப் பூச்சியமானதும் பொருள் அகற்றப்படும். ஒன்றையொன்று சுட்டிநிற்கும் பொருள்களின் கணக்கோ தானாகப் பூச்சியமாவதில்லை. அவற்றைத் தேடி அகற்றும் முறை 2000 ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது.

நிரலின் பகுதி முழுவதற்கும் உரிய பொதுப்பெயர்கள் சுட்டும் பொருள்கள், பெரும்பாலும் நிரல் முடியும்வரை எஞ்சிநிற்பன. முன்னாளில், முடிவு வேளையிலே அப்பெயர்களுக்கெல்லாம் 'இன்மை' என்னும் வெறுமதிப்பு இடப்பட்டது. இதனால் ஓர் இடர் விளைந்தது. ஒரு பொருள் அழியுமுன் தன் இறுதிக் கடமையைச் செய்யப் புகும்போது, அதற்கு வேண்டிய துணை முன்னரே இன்மையாய்ப் போயிருக்கும். இரவிலே பந்தல் பிரிப்போர், வேலை முடியுமுன் விளக்கை அகற்றிவிட்டால் எவ்வாறு இடர்ப்படுவரோ, அத்தகையது இது.

2014 இல் வெளிவந்த 3.4 ஆம் பதிப்பு இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. எனினும், முடிவில் எஞ்சியுள்ள ஒவ்வொரு பொருளின் இறுதிக் கடமையும் நிறைவேறும் என்று இம்மொழி இன்றும் உறுதி கூறுவதில்லை.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. கோப்பில் எழுதப்படுவது உடனே வட்டிற் சென்று பதிவதில்லை; சிறிது நேரம் நினைவகத்தில் தங்கும். கோப்பை முறையாக மூடாமல் நிரல் முடியுமாயின், மாணவர் புள்ளிப் பட்டியலொன்றின் கடைசிப் பெயர்கள் இல்லாதொழியவும் கூடும்.

ஆதலின், வேலை முடிந்ததும் கோப்பை மூடிவிடும் 'வித்' என்னும் கட்டளை 2006 இல் 2.5 ஆம் பதிப்போடு வந்தது. வெளியேறுமுன் ஆற்றவேண்டியவற்றை முன்கூட்டியே பதிந்துவைக்கவும் வழியுண்டு. நிரல் இயல்பாக முடியும்போது, கடைசியாகப் பதிந்தது முதலில் நடைபெறும். பின் வந்தது முன் வந்ததைச் சார்ந்திருத்தல் இயல்பாகலின், இவ்வொழுங்கு பொருத்தமானதே.

தாம் திறந்ததைத் தாமே மூடுதல் நிரல் எழுதுவோர் கடன். அதனை இறுதி நேரத்துத் துப்புரவுக்கு விட்டுவைத்தல் அறிவுடைமையாகாது.