மாத்திரைக்குள் இரும்பு மட்டும்தானா?

ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் அவளுக்குச் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று சாப்பிட வேண்டும். மாமியார் அதை வாங்கிப் பார்த்தார்.

"இந்தச் சாயம் எதற்கு? கழுவிவிட்டுச் சாப்பிடு. உள்ளே இருப்பதுதானே மருந்து?" என்றார்.

மாமியார் சொன்னது சரியா?

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அளவு போட்டிருக்கும். இரும்பு 60 மில்லிகிராம். ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். 60 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய மூன்று அரிசியின் எடைதான். மாத்திரையோ அதைவிடப் பெரியது. அப்படியானால் மீதி என்ன?

இரும்பை அன்னபேதி உப்பாகத்தான் சேர்க்கிறார்கள். 60 மில்லிகிராம் இரும்பு கிடைக்க, உலர்ந்த அன்னபேதி சுமார் 200 மில்லிகிராம் வேண்டும். அதோடு வேறு சில பொருள்களும் உண்டு. அட்டையில் அவற்றை 'எக்ஸிபியன்ட்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். துணைப் பொருள்கள் என்று அர்த்தம். செயலற்ற பொருள்கள் என்றும் சொல்வது உண்டு. அந்தப் பெயர் பொருந்தாது. அவை சும்மா இருப்பவை அல்ல.

மக்காச்சோள மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, மருந்துப் பொடியோடு பிசைகிறார்கள். பொடி ஒன்றாகச் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. பிறகு அதே மாவை உலர்ந்த பொடியாகவும் கலக்கிறார்கள். வயிற்றில் தண்ணீர் பட்டதும் இந்த மாவு உப்பும். உப்பினால் மாத்திரை உடையும். கஞ்சியாகப் போனால் ஒட்டுகிறது. பொடியாகப் போனால் உடைக்கிறது. ஒரே மாவுக்கு இரண்டு வேலை!

முறுக்கு அச்சில் மாவு ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவுகிறோம் அல்லவா? மாத்திரை அச்சுக்கு மெக்னீசியம் ஸ்டியரேட் என்ற வழவழப்பான பொடி. நூறு பங்குக்கு ஒரு பங்கு போதும். அதிகமானால் தண்ணீர் உள்ளே புகாது. மாத்திரை சீக்கிரம் உடையாது.

உடையாவிட்டால் என்ன? சிறுகுடலின் தொடக்கப் பகுதிதான் இரும்பை அதிகமாக உறிஞ்சுகிறது. அந்த இடத்தைத் தாண்டிய பிறகு மாத்திரை உடைந்தால், இரும்பில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் மாத்திரையை உடல் சூடுள்ள தண்ணீரில் போட்டு ஆட்டிப் பார்க்கிறார்கள். சர்க்கரைப் பூச்சு மாத்திரை 60 நிமிடத்துக்குள் உடைய வேண்டும். கடையில் மெதுவாகக் கரையும் இரும்பு மாத்திரைகளும் கிடைக்கின்றன. விலை அதிகம் என்பதால் அவை மேலானவை ஆகிவிடாது.

இனி அந்தச் சிவப்புப் பூச்சுக்கு வருவோம். அந்த ஊரில் ஆஷா பணியாளரைச் 'சஹியா' என்பார்கள். தோழி என்று பொருள். சஹியா வந்ததும் மாமியார் அவளிடமும் அதையே கேட்டார்.

"நீங்கள் மரத்திலிருந்து அரக்கு எடுக்கிறீர்களே, அது எங்கே போகிறது?" என்று சஹியா திருப்பிக் கேட்டாள்.

"வளையலுக்கு. மரச் சாமானுக்கு."

"மாத்திரைக்கும் போகிறது, அம்மா!"

உண்மைதான். புரசு, இலந்தை மரங்களில் சிறு பூச்சிகள் உண்டாக்குவது அரக்கு. ஜார்க்கண்டில் அது நிறையக் கிடைக்கிறது. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சுத்தம் செய்த அரக்கைப் பல மாத்திரைகளின் மேல் மெல்லியதாகப் பூசுவார்கள். ஈரம் உள்ளே போகாது. இப்போது இதற்கு வேறு பிசின்களும் வந்துவிட்டன. அதன்மேல் சர்க்கரைப் பாகை ஊற்றி உருட்டுவார்கள். சீரக மிட்டாய் செய்வது போலத்தான். கடைசியில் நிறம்.

பூச்சைக் கழுவினால் நாக்கில் துருச் சுவை தட்டும். குமட்டும். இரண்டு நாளில் மாத்திரையையே நிறுத்திவிடத் தோன்றும். ஈரம் பட்ட அன்னபேதி பழுப்பாக மாறும். அப்படி மாறிய இரும்பை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்ளும்.

2019-21இல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. நாலாம் மாதம் முதல் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் மாத்திரை சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான். தேநீரோடும் பாலோடும் சாப்பிட வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

"சரி, கழுவ வேண்டாம்" என்றார் மாமியார்.

"இன்னொன்று கேளுங்கள்" என்றாள் சஹியா. "இந்தச் சிவப்பும் இனிப்பும் பிள்ளைகளுக்கு மிட்டாய் மாதிரி. பிள்ளை நாலைந்தை விழுங்கிவிட்டால் இரும்பே விஷமாகிவிடும். வாந்தி வரும். பிறகு நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்."

மூத்த பேரன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். வயது மூன்று. மாமியார் அவனைப் பார்த்தார். மருமகள் கையிலிருந்த அட்டையை வாங்கினார். ஒரு தகர டப்பாவில் போட்டு இறுக மூடினார். பரணில் எட்டாத உயரத்தில் வைத்தார்.